"ஜூனியர் ஆச்சா?": பெங்களூரில் பாட்டும் பரீட்சையும்

சென்னையில் ஒரு குழந்தை பாட்டு கற்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "யார்கிட்ட?" என்று வரும். பெங்களூரில் அதே செய்தியைச் சொல்லிப் பாருங்கள். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் மாமியானாலும் சரி, போன வருஷம் ஒயிட்ஃபீல்டுக்குக் குடிவந்து லிஃப்டில் சிரிக்கும் எதிர்வீட்டுக்காரரானாலும் சரி, கேட்பது ஒன்றுதான்: "ஜூனியர் ஆச்சா?" அங்கே ஒரு பிள்ளையின் பாட்டுக்கு அடையாளம் குருவின் பெயர். இங்கே பரீட்சையின் பெயர்.

ஜூனியர் என்பது கர்நாடக மாநிலத்தின் இசைப் பரீட்சைகளில் முதலாவது. அடுத்தது சீனியர். அதற்கும் மேலே வித்வத். அது பூர்வ, அந்திம என்று இரண்டாகப் பிரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நடத்திய மாநிலத் தேர்வு வாரியம்தான் பல ஆண்டுகள் இதையும் நடத்தியது. பிறகு மைசூரில் ஹிந்துஸ்தானிப் பாடகி கங்குபாய் ஹானகல் பெயரில் இயங்கும் இசைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாட்டியம் என்று பல பிரிவுகள் உண்டு. பாடிக் காட்டுவது ஒரு பகுதி, எழுதுவது இன்னொரு பகுதி. இதில் முக்கியமான விஷயம், எந்த இசைக் கல்லூரியிலும் சேர்ந்திருக்க வேண்டாம். தெருமுனை வீட்டு மாடியில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடம் கற்ற பிள்ளையும் எழுதலாம். இந்த ஊரில் பரீட்சை இவ்வளவு பரவியதற்கு இந்த ஒரு விதி பெரிய காரணம்.

இதையெல்லாம் நான் யோசிக்க நேர்ந்தது அக்காவால். ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து போன் செய்து, "இவளை இந்த வருஷம் ஜூனியர் எழுத வைக்கட்டுமா வேண்டாமாடா? நீதான் எழுதியிருக்கியே, சொல்லு" என்றாள். உண்டு, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய விஷயம். ஆனால் பாடத்துக்கு ஒரு படிவரிசை இருக்கிறது, பரீட்சைக்கு இன்னொன்று இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நம் வீடுகளில் பாதிக் குழப்பம். முதலாவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு வயது. இரண்டாவதற்கு நூறைச் சுற்றித்தான் வயது.

பாடம் வந்த வழி

கர்நாடக சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களைப் படிப்படியாக அடுக்கிக் கொடுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. காலம் 1484 முதல் 1564 வரை என்று சொல்வார்கள். விஜயநகரப் பேரரசின் காலம். எல்லா வரிசையும் அவரே செய்தாரா, இருந்ததைத் தொகுத்தாரா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்ற இந்த வரிசையில்தான் இன்றைக்கும் திருவையாற்றிலும் பாட்டு தொடங்குகிறது, டொராண்டோவிலும் தொடங்குகிறது. இவ்வளவு காலம் மாறாமல் நிற்கும் பாடத்திட்டம் வேறு எந்தக் கலைக்கு இருக்கிறதோ, எனக்குத் தோன்றவில்லை.

இந்த அடுக்கின் புத்திசாலித்தனம் கற்கும்போது தெரியாது. சொல்லிக்கொடுக்க உட்காரும்போதுதான் தெரியும். முதலில், சரளி வரிசையைப் பாட ஏன் மாயாமாளவகௌளை ராகம்? எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில், அதாவது ஏழு ஸ்வரமும் கொண்ட தாய் ராகங்களில், பதினைந்தாவது இது. ச-வுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ரி. அங்கிருந்து க-வுக்கு ஒரு நீளமான தாண்டல். க-வை ஒட்டியே ம. இப்போது ப-விலிருந்து பாருங்கள்: ப-வை ஒட்டி த, அங்கிருந்து நி-க்கு அதே நீளத் தாண்டல், நி-யை ஒட்டி மேல் ச. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. ஒரு பாதியைத் தொண்டை பழகிவிட்டால் மறு பாதி தானாக வரும். ஸ்வரங்களை அசைக்காமல், நேராக நிறுத்திப் பாடினாலும் ராகம் கெட்டுப்போகாது. ஏழு வயசுக் குழந்தையிடம் கமகம் என்னும் அந்த அசைவைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே வராது. இதே முதல் பாடத்தைக் கமகமே உயிரான தோடியில் தொடங்கியிருந்தால் எத்தனை பேர் இரண்டாம் வாரம் வந்திருப்போம்!

அடுத்து மூன்று காலம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். ஏற ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), இறங்க ஒரு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு. ஏற்றமும் இறக்கமும் ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு. ஏறி இறங்கியும் பாதித் தாளம் மிச்சமிருக்கும், ஆகவே இரண்டு தடவை பாட வேண்டும். இதில் கை வேகம் மாறவே கூடாது. வாய் மட்டும் இரட்டிக்க வேண்டும். கையையும் சேர்த்து விரட்டாத குழந்தையை நான் பார்த்ததில்லை, நானும் விரட்டியவன்தான். பின்னாளில் வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடும்போதும், இன்னும் பின்னால் பல்லவியைக் காலம் மாற்றிப் பாடும்போதும் வேண்டிய திறமை இதுதான். முதல் மாதத்திலேயே அதற்கு விதை போட்டாகிவிட்டது.

ஜண்டை வரிசையில் ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டை: ச ச, ரி ரி, க க. இரண்டாவதை அழுத்திப் பிடிக்க வேண்டும். "அடிச்சுப் பாடு, தள்ளிப் பாடாதே" என்று டீச்சர் சொல்வது அதற்குத்தான். அந்த அழுத்தத்திலிருந்துதான் ஸ்புரிதம் என்ற கமகம் பிறக்கிறது. கமகம் என்ற சொல்லே வராமல் கமகத்துக்குள் காலை வைத்துவிடுகிறது பிள்ளை. தாட்டு வரிசையில் ஸ்வரங்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். அலங்காரத்தில் ஏழு தாளங்கள் கைக்கு வரும். துருவ தாளத்துக்குப் பதினான்கு அக்ஷரம் (எண்ணிக்கை), மட்டியத்துக்குப் பத்து, ரூபகத்துக்கு ஆறு என்று போய், ஏக தாளத்தின் நான்கில் முடியும்.

அதற்குப் பிறகு முதல் பாட்டு, மலஹரியில் பிள்ளாரி கீதம். பிள்ளாரி என்பது நம் பிள்ளையார்தான். மலஹரி, மாயாமாளவகௌளையின் பிள்ளை. ஏறும்போது க-வும் நி-யும் இல்லை, இறங்கும்போது நி மட்டும் இல்லை. புது ஸ்வரம் ஒன்றுகூடக் கிடையாது. ஏற்கெனவே தொண்டையில் இருப்பதில் சிலவற்றை விட்டுவிட்டுப் பாடினால் அது ராகம் ஆகிவிடுகிறது. ராகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. கீதத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்துக்கு ஒரு எழுத்து, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி எதுவும் இல்லை. அப்புறம் ஸ்வரஜதி, ஜதிஸ்வரம், அதைத் தாண்டி வர்ணம். வர்ணத்தில்தான் கமகம் முழு உருவில் வரும். ஒரு ராகத்தின் பிடிகள் அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

இந்த வரிசையில் ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்துக்கே ஒரு பரீட்சை என்பதைக் கவனிக்க வேண்டும். ஜண்டை சரியாக வராதவனுக்கு வர்ணத்தில் இரண்டாம் காலம் வழுக்கும். மறைக்க முடியாது. மதிப்பெண் போடத் தனியாக ஆள் தேவைப்படாத ஏற்பாடு இது. அப்படியானால் பரீட்சை எதற்காக வந்தது?

பரீட்சை வந்த வழி

மைசூர் வாசுதேவாச்சாரியார் (1865–1961) இளமையில் பாட்டு கற்கத் திருவையாற்றுக்குப் போனார். செலவுக்கு மைசூர் மகாராஜா கொடுத்தார். குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். குரு வீட்டிலேயே தங்கி, அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த படிப்பு. இதற்குச் சான்றிதழ் கிடையாது. குருவின் பெயரே சான்றிதழ். ஊருக்குத் திரும்பி அரண்மனையில் பாடினால் தெரிந்துவிடும், கற்றாரா இல்லையா என்று. குரு, சிஷ்யன், கேட்கிற சபை மூவரும் ஒருவரையொருவர் அறிந்த உலகத்தில் வேறு தாள் எதற்கு?

அந்த உலகம் கலைந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சமஸ்தானங்களின் ஆதரவு சுருங்க, சங்கீதம் நகரத்துக்கு வந்தது. பெங்களூர் காயன சமாஜம் தொடங்கியது 1905-இல். டிக்கெட் வாங்கிக் கேட்கும் ரசிகர்கள் வந்தார்கள்; கூடவே, சம்பளம் கொடுத்து வாரம் இரண்டு நாள் கற்கும் மாணவர்களும் வந்தார்கள். குருவோடு தங்காத மாணவனுக்குப் புத்தகம் வேண்டும், பாடத்திட்டம் வேண்டும், எதுவரை வந்திருக்கிறோம் என்று சொல்ல ஒரு குறி வேண்டும். சங்கீதம் பள்ளிக்கூடப் பாடமாகவும் ஆக, அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் போட அரசாங்கத்துக்கும் ஒரு தாள் வேண்டியிருந்தது.

வடக்கே இந்த வேலை கொஞ்சம் முன்பே தொடங்கிவிட்டது. ஹிந்துஸ்தானிப் பாடகர் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த 1931-இலேயே அவருடைய சீடர்கள் அமைத்த மண்டல், பிராரம்பிக்கில் தொடங்கி விசாரத், அலங்கார் வரை தரம் பிரித்த பரீட்சைகளை நாடு முழுவதும் கொண்டுபோனது. இசை அறிஞர் பாத்கண்டே 1926-இல் லக்னோவில் கல்லூரி கண்டார். தெற்கே 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் பலனாக மறு ஆண்டே மியூசிக் அகாடமி வந்தது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். அங்கே படித்துப் பெறும் 'சங்கீத பூஷணம்' பட்டம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் மரியாதை ஆயிற்று. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை வந்தது. அங்கே நெடுங்காலம் பணியாற்றிய பி. சாம்பமூர்த்தி ஜெர்மனியில் மேற்கத்திய இசை படித்துவிட்டு வந்தவர். இசை இலக்கணத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து ஆங்கிலத்தில் அவர் எழுதிய பாடநூல்களின் நிழல் இன்றைக்கும் எல்லாத் தியரி வினாத்தாள்களிலும் விழுகிறது. 'தாளத்தின் அங்கங்களை விளக்குக', 'வர்ணத்தின் இலக்கணம் எழுதுக' என்ற தோரணை அந்த வழியில் வந்ததுதான்.

மேற்கத்திய இசைப் பரீட்சைகளின் தாக்கமும் இதில் உண்டு. லண்டனில் 1889-இல் அமைந்த வாரியமும், அதற்கும் முன்னால் டிரினிட்டி கல்லூரியும் வெளியூர் மாணவர்களுக்குப் பரீட்சை நடத்தி, எட்டு கிரேடு என்ற கணக்கை உலகம் முழுக்கப் பரப்பின. பெங்களூரில் இன்றைக்கும் கீபோர்டுக்கு டிரினிட்டி, பாட்டுக்கு ஜூனியர் என்று இரண்டு கையிலும் பரீட்சை வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே கிரேடுதான் பாடத்தை நடத்திச் செல்கிறது. மூன்றாம் கிரேடுக்கு என்ன வாசிப்பது என்பதைப் பட்டியல் சொல்லும். நம்மிடம் படிவரிசை முன்பே இருந்தது. பரீட்சை பின்னால் வந்து அதன்மேல் கோடு கிழித்தது. ஆரம்பத்தில் அந்தக் கோடுகள் பாடத்தின் மூட்டுகளில் சரியாகவே விழுந்தன. மேலே போகப் போகத்தான் எலும்பின் நடுவில் விழுகின்றன.

அளக்க முடிந்ததும் முடியாததும்

ஜூனியர் மட்டத்தில் கேட்பதெல்லாம் சரி, தவறு என்று சொல்லக்கூடியவை. "அட தாள அலங்காரம், மூணு காலம்" என்பார் பரீட்சகர். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். கண்ட ஜாதி அட தாளம்: ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு, ஆக மொத்தம் பதினான்கு. சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தால் வந்தது, விழாவிட்டால் இல்லை. கீதத்தை ஸ்வரமாகவும் சாகித்தியமாகவும் (பாட்டின் சொற்களாகவும்) பாட வேண்டும், வர்ணத்தை இரண்டு காலத்தில் பாட வேண்டும். இதில் பரீட்சகரின் ரசனைக்குப் பெரிய வேலை இல்லை. சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா, பாடம் ஞாபகம் இருக்கிறதா என்பதைப் பத்து நிமிஷத்தில் காது உள்ள யாரும் சொல்லிவிடலாம். ஆகவே இந்த மட்டத்தில் பரீட்சையை நான் முழுசாக ஆதரிப்பேன். அடித்தளம் உறுதியா என்று வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவர் தட்டிப் பார்ப்பது நல்லதுதானே.

தியரியும் அப்படித்தான். ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக முப்பத்தைந்து, அட்டவணை போடு. சங்கீத மும்மூர்த்திகளைப் பற்றி எழுது. தம்புரா படம் வரைந்து பாகங்களைக் குறி. நான் என் பரீட்சையில் தம்புராவுக்கு ஐந்து தந்தி வரைந்துவிட்டு வந்தவன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு பெயரையும் சரியாக எழுதிவிட்டு, ஐந்தாவது தந்திக்குப் பெயர் கிடைக்காமல் அதை அப்படியே விட்டிருந்தேன். எங்கள் வீட்டில் தம்புரா கிடையாது, பெட்டிதான். பார்த்திராத வாத்தியத்தின் பாகங்களை நெட்டுருப் போட்டதால் வந்த வினை.

சீனியரிலிருந்து மேலே போகப் போகப் பரீட்சையின் இயல்பு மாறுகிறது. அட தாள வர்ணமும் கிருதிகளும் வருகின்றன. கூடவே ஆலாபனை (சொல் இல்லாமல் ராகத்தை விரித்தல்), நிரவல் (பாட்டின் ஒரு வரியை விரித்தல்), கல்பனா ஸ்வரம் (ஸ்வரங்களைக் கோத்துப் பாடுதல்). வித்வத்தில் ராகம் தானம் பல்லவி. இவை மனோதர்மம், அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவது. "பைரவியில் ஆலாபனை செய்" என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஒரு பாடாந்தரத்தில், அதாவது ஒரு குருவழியில், அழகாக இருக்கும் பிடி, இன்னொரு பாடாந்தரத்துக்காரர் காதில் உறுத்தும். மதிப்பெண்ணுக்குப் பயந்த மாணவன் என்ன செய்வான்? ஆலாபனையை ஸ்வரப்படுத்தி நோட்டில் எழுதி, கிருதி மாதிரி நெட்டுருப் போடுவான். கல்பனா ஸ்வரம் ஆறு ஆவர்த்தனம் எழுதி வைத்துக்கொள்வான், கடைசியில் ஒரு கோர்வையோடு (முடிக்கும் தாளக் கணக்கோடு). தோன்றுவதைப் பாட வேண்டிய இடத்தில் ஒப்பிக்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் எழுதி வைத்துக்கொண்டவராக இருக்கலாம்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்த ஸ்வரத்திலிருந்துதான் பலரும் தங்கள் சொந்த ஸ்வரத்துக்கு வருகிறார்கள்; நல்ல டீச்சர் முதல் வருஷம் எழுதிக் கொடுப்பார், இரண்டாம் வருஷம் நோட்டைப் பிடுங்கி வைப்பார். நோட்டோடு நின்றுவிடுகிறவர்களும் வித்வத் வாங்கிவிடலாம் என்பதுதான் சங்கடம். மனோதர்மம் வளர்வது கேள்வி ஞானத்தில். பெங்களூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1939-லிருந்து சாமராஜபேட்டையில் ராமசேவா மண்டலி ராமநவமிக் கச்சேரிகளை நடத்திவருகிறது. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் கேட்காத பெரிய வித்வான் இல்லை. அந்தப் பந்தலில் எத்தனை ராத்திரி உட்கார்ந்தாய் என்று எந்த வினாத்தாளிலும் கேள்வி வராது.

தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பாட்டும்

பெங்களூர்த் தமிழருக்கு மட்டும் வரும் சில நெளிவு சுளிவுகளும் இந்தப் பரீட்சையில் இருக்கின்றன. முதலாவது மொழி. தியரியைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஐடி வேலைக்கு வந்த வீடுகளில் ஆங்கிலம்தான். ஆனால் வகுப்பில் டீச்சர் தமிழர் என்றால் பாட்டு நோட்டு தமிழில் இருக்கும். கலைச்சொற்கள் தமிழ் உச்சரிப்பில் காதில் ஏறியிருக்கும். சரளி வரிசை என்று கற்ற பிள்ளை, 'சரளெ வரசெ' என்று எதிரில் இருப்பவர் சொன்னதும் ஒரு கணம் விழிக்கும். அவ்வளவுதான், பெரிய இடைஞ்சல் இல்லை.

தமிழ் நோட்டில் வேறு ஒரு வேடிக்கை இருக்கிறது. தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருத சாகித்தியங்களைத் தமிழில் எழுத நம்மிடம் ஒரே க. ஆகவே அச்சிட்ட பாட்டுப் புத்தகங்களில் க2, க3, க4 என்று தலையில் எண் போடுவார்கள். க3 என்றால் 'கணபதி' என்பதில் வரும் மெல்லிய ஒலி. அதே புத்தகத்தில் ஸ்வரத்துக்கும் எண் உண்டு. அங்கே க3 என்றால் அந்தர காந்தாரம். மேல் வரியில் ஒரு க3, கீழ் வரியில் ஒரு க3, இரண்டும் வேறு. இது புரிய எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று. கன்னட எழுத்தில் கற்கும் பிள்ளைக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதனாலேயே சில தமிழ் வீடுகளில் பாட்டு நோட்டை மட்டும் கன்னடத்தில் எழுதும் பழக்கம் உண்டு. கன்னடம் எழுதக் கற்றதே பாட்டுக்காகத்தான் என்று சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொழி நமக்குக் கொடுக்கும் லாபமும் உண்டு. மலஹரிக் கீதங்களில் ஒன்று 'கெரெய நீரனு கெரெகெ செல்லி' என்று தொடங்கும். ஏரித் தண்ணீரை ஏரிக்கே வார்த்து வரம் பெறுவது போல என்று பொருள் ஓடும். மயிலாப்பூர்க் குழந்தைக்கு அது வெறும் எழுத்துக் கூட்டம். நான்காம் பாட்டா ஐந்தாம் பாட்டா என்பதுதான் ஞாபகம் இருக்கும். பெங்களூர்த் தமிழ்க் குழந்தை தினமும் பள்ளி வேனில் ஏதோ ஒரு கெரெயைக் கடந்து போகிறது. கெரெ என்றால் என்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். பாடும் முதல் சில பாட்டுகளிலேயே ஒன்றின் பொருள் தெரிந்து பாடுகிற அதிர்ஷ்டம், கர்நாடக சங்கீதம் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பாடத்திட்டத்தில், கன்னட ஹரிதாசர்களின் பக்திப் பாட்டான தேவரநாமத்துக்கு நல்ல இடம் உண்டு. தமிழ்நாட்டில் தேவாரமும் திருப்புகழும் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். தியரியில் மைசூர் அரண்மனை வாக்கேயக்காரர்களின் (பாட்டும் மெட்டும் இயற்றியவர்களின்) பக்கம் கனமாக இருக்கும். அதில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பது பல தமிழ்ப் பெற்றோருக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்து ஹரிகேசநல்லூரிலிருந்து போன முத்தையா பாகவதர் (1877–1945), நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் விருப்பப்படி சாமுண்டேஸ்வரி மேல் நூற்றெட்டு கிருதிகளைக் கன்னடத்தில் செய்தார். வாசுதேவாச்சாரியார் இங்கிருந்து அங்கே போனார், பாகவதர் அங்கிருந்து இங்கே வந்தார். இந்தச் சங்கீதத்துக்கு மாநில எல்லை பின்னால் போட்டது.

ஆனாலும் பாபநாசம் சிவன் பாட்டு ஒன்று கற்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால், "பரீட்சை முடியட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்ற பதில் வருவதை நான் ஒரு வீட்டில் மட்டும் கேட்கவில்லை. தாய்மொழிப் பாட்டு விடுமுறைப் பாட்டு ஆகிவிடுகிறது. பரீட்சையின் குற்றம் இல்லை இது. பட்டியலைத் தாண்டிப் பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பட்டியல் என்று ஒன்று கையில் வந்தவுடன் அதற்கு வெளியே இருப்பதெல்லாம் 'எக்ஸ்ட்ரா' ஆகிவிடும் நம் பள்ளிக்கூடப் புத்திதான் காரணம்.

அப்படியும் ஏன் எழுதுகிறார்கள்

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஹிந்துஸ்தானி மாணவர்கள் காந்தர்வப் பரீட்சைகள் எழுதுவதைப் பார்க்கும் சூழல். தில்லியில் சிபிஎஸ்இ கர்நாடக சங்கீதத்தைப் பள்ளிப் பாடமாகவே வைத்திருப்பதால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலேயே பாட்டைச் சேர்த்துவிடலாம். பெங்களூரின் கதை வேறு. இங்கே அது பள்ளிக்கு வெளியே, மாநில முத்திரையோடு இருக்கிறது. அதனால் மூன்று பேருக்கு மூன்று விதமாகப் பயன்படுகிறது.

சொல்லிக்கொடுப்பவருக்கு அது பிழைப்பு. வித்வத் இருந்தால் பள்ளியில் இசை ஆசிரியராகக் கேட்கலாம், வீட்டு வாசலில் பலகை மாட்டலாம். கல்யாணமாகித் தஞ்சாவூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ இந்த ஊருக்கு வந்த பெண்ணின் குரு யார் என்று இங்கே யாருக்குத் தெரியும்? தாளைக் காட்டினால் புரியும். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நிறைந்த நகரத்தில், முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேறு வழி குறைவு. சென்னையின் "யார்கிட்ட?" இங்கே "ஜூனியர் ஆச்சா?" என்று ஆனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பெற்றோருக்கு அது ஒரு தேதி. கச்சேரிக்குத் தேதி உண்டு, ஆண்டு விழாவுக்குத் தேதி உண்டு. வாராந்திர பாட்டு கிளாஸுக்குக் கிடையாது. எட்டாம் வகுப்பு வந்ததும் கணக்கு ட்யூஷனுக்காக முதலில் வெட்டுப்படுவது பாட்டுதான். பரீட்சைக்குக் கட்டியாகிவிட்டது என்றால் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கும். அந்த ஒரு வருஷத்தில் குரல் உடைந்து சேர்ந்து, பிள்ளைக்கே பாட்டின்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடுவதும் உண்டு. பிள்ளைக்கோ, அம்மாவும் டீச்சரும் அல்லாத ஒருவர் முன்னால் தனியாக உட்கார்ந்து பாடும் முதல் அனுபவம். கை சில்லிட்டுப் போகும். அதுவும் வேண்டியதுதான்.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், அவசரத்தில். இரண்டு வருஷம்கூட ஆகாத பிள்ளையை ஜூனியருக்குத் தள்ளுவது, அது முடிந்த கையோடு சீனியர். அலங்காரத்தின் மூன்றாம் காலம் இன்னும் தடுமாறும்போதே பத்துக் கிருதிகளைத் தலையில் ஏற்றுவது. பாடத்தின் படிக்கு ஒரு வேகம் இருக்கிறது; அது தொண்டையின் வேகம், காலண்டரின் வேகம் இல்லை.

இவ்வளவையும் அக்காவிடம் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, ஃபாரம் வாங்கட்டுமா வேண்டாமா?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, டீச்சரையே கேள் என்றேன். டீச்சர் நான் சொன்னதில் ஒன்றையும் சொல்லவில்லை. பெண்ணை மோகன வர்ணம் இரண்டாம் காலம் பாடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, முதல் பாதி முடியும் முக்தாயி ஸ்வரம் வரை கேட்டிருக்கிறார். கை ஓடுகிறது என்றாராம். "வாங்கிடுங்க, இந்த வருஷமே எழுதட்டும். ஆனா நாளையிலேர்ந்து வர்ணம் வேண்டாம். ஜண்டை வரிசை, மூணு காலம், ஒரு மாசம்." இப்போது அந்த வீட்டில் காலை ஆறரைக்குக் குக்கர் சத்தத்தோடு ச ச ரி ரி க க ம ம ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் அக்காவிடம், மறுபடியும் முதலிலிருந்தா என்று கேட்டாராம்.